அவர்தான் ஏறி வந்தார் என்று சொன்னேன்

பிப்ரவரி 2, வியாழன்

இன்று நூற்றுப் பதினெட்டு சைக்கிள் சக்கரம். கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்து எடுத்து வலது கட்டைவிரல் மரத்துப் போய்விட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பக்கத்து ஊர் வெலோட்ரோமில், அதுதான் மரப்பலகை போட்ட சைக்கிள் பந்தயத் தளத்தில், சனிக்கிழமைதோறும் புதியவர்களுக்கு சைக்கிள் வகுப்பாம், எங்கள் தொழிற்சாலைக்கு ஓர் இடம். யாரும் எழுதவில்லை. கவுதென்சியோ எழுந்து போய் என் பெயரை எழுதிவிட்டு வந்தான். பெயின்ட் பிரிவுக்காரன், வருஷக்கணக்கில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

"இருபத்திரண்டு வருஷமா ஊரான் சக்கரத்தைச் சுத்துறியே அர்மிந்தோ, ஒரு நாள் நீயே ஏறிச் சுத்திக் காட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "காட்டினா போச்சு" என்றேன்.

நான் கடைசியாக சைக்கிள் ஏறியது மகள் பிறப்பதற்கு முன்னால். அவள் இப்போது போர்டோவில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். எங்கள் ஊர் ஆகெதாவில் பாதிப் பேர் சைக்கிள் செய்கிறோம், அத்தனை பேரும் காரில்தான் வேலைக்கு வருகிறோம். இதை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிப்ரவரி 4, சனி

வளைவில் பலகை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. தொலைக்காட்சியில் பார்த்தபோது இவ்வளவு செங்குத்தாகத் தெரியவில்லை.

ஆறு பேர் வந்திருந்தோம். சொல்லிக்கொடுப்பவள் தெல்மா. என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வெலோட்ரோம் சைக்கிள்களையே ஆளுக்கொன்று கொடுத்தாள். பிரேக் கிடையாது. பெடலும் பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றும், சக்கரம் ஓடும்வரை கால் நிற்க முடியாது.

"மூணே விஷயம். காலை நிறுத்தாதீங்க. வளைவுல வேகத்தைக் குறைக்காதீங்க. மேல ஏறுறதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னாடி திரும்பிப் பாருங்க, ஒவ்வொரு தடவையும்" என்றாள். பிறகு, "இதுக்கு முன்னாடி யாராவது தளத்துல ஓட்டியிருக்கீங்களா?"

"சின்ன வயசுல, பழைய சிமெண்ட் தளத்துல ஓட்டியிருக்கேன்" என்று சொன்னது யார்? நான்தான். பழைய தளத்தில் நான் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன்.

பக்கத்தில் நின்ற அம்மாள் கையைத் தூக்கி, "எனக்குப் பயமா இருக்கு, அதையும் எழுதிக்கோங்க" என்றார். நொயேமியா. தபால்காரர், மலையடி ஊர்களுக்கெல்லாம் ஸ்கூட்டரில் கடிதம் கொண்டுபோகிறவர். ஐம்பத்தெட்டு வயது என்று அவரே சொன்னார்.

நான் கைப்பிடிக் கம்பியை விடவே கால் மணி நேரம் ஆனது. கீழே கறுப்புக் கோட்டிலேயே ஓட்டினேன். அந்த அம்மாள் மூன்றாவது முறையிலேயே சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போய், "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டே சுற்றி வந்தார்.

பிப்ரவரி 11, சனி

இன்று மேலே போனேன்! சிவப்புக் கோட்டுக்கு மேலே, இரண்டு சுற்று. டயருக்கடியில் பலகை உறுமுகிறது. வளைவுக்குள் போகும்போது உடம்பு கனத்து, வெளியே வரும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கிறது. ஐம்பதை நெருங்குகிற ஆள் இப்படிச் சிரித்துக்கொண்டு ஓட்டலாமா? ஓட்டினேன்.

என்ன சைக்கிள் வாங்கலாம் என்று யாரோ கேட்டார்கள். "இப்ப எதுவும் வாங்காதீங்க. ஆறு மாசம் இங்க இருக்கிறதையே ஓட்டுங்க" என்றாள் தெல்மா. "வாங்கியே தீருவேன்னா முதல்ல நிறத்தைப் பார்க்காதீங்க. பெடல் அச்சு தரையிலேருந்து எவ்வளவு உயரம்னு பாருங்க. அப்புறம் கிராங்க், அதான் பெடலை அச்சோட சேர்க்கிற கை, அதோட நீளம் நூத்தி அறுபத்தஞ்சு மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். அப்புறம் உங்க உடம்புக்கு ஃபிரேம் பொருந்துதான்னு. வேற யாருக்கோ அளவெடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு ஓட்ட முடியாது."

நொயேமியா ஒரு குட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு எதற்கு நோட்டு? நான் சைக்கிள் தொழிற்சாலைக்காரன்.

பிப்ரவரி 16, வியாழன்

வாங்கிவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் செய்ததுதான். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கான ஒற்றைப் பல்சக்கர சைக்கிள், அடர்சிவப்பு. இரண்டு சக்கரத்தையும் நானே கட்டினேன். பிரேக்கைக் கழற்றினால் தளத்து சைக்கிள் மாதிரியேதான் இருக்கிறது. கவுதென்சியோ பெயின்டைத் தடவிப் பார்த்து, "இனிமே உன்னை 'பந்தயக்காரரே'ன்னுதான் கூப்பிடணும்" என்றான். கிண்டல்தான். ஆனாலும் பிடித்திருந்தது.

மனைவி ஸுல்மிரா வாசலில் வந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு மனுஷா. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தானே வாங்கினே?"

"எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியும்?"

பிப்ரவரி 18, சனி

தெல்மா என் சைக்கிளைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். டேப் எடுத்து அளந்தாள். எல்லாரும் வந்து நின்றுகொண்டார்கள்.

"நல்ல சைக்கிள் சென்யோர் அர்மிந்தோ. தெருவுக்கு. பெடல் அச்சு ரொம்பத் தாழ்வு, கிராங்க்கும் நூத்தி எழுபத்திரண்டரை. வளைவுல மேல இருக்கும்போது வேகம் குறைஞ்சா வலது பெடல் பலகையில இடிக்கும். இடிச்சா பின்சக்கரம் தூக்கிரும், அப்புறம் நேரா கீழதான்."

"நான் அவ்வளவு மெதுவா ஓட்ட மாட்டேன்."

"எல்லாரும் ஒரு நாள் மெதுவா ஓட்டுவாங்க. நூத்தி அறுபத்தஞ்சு கிராங்க் மாட்டிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம். இன்னைக்கு எங்க சைக்கிளே ஓட்டுங்க."

நொயேமியா தன் பையிலிருந்தும் ஒரு டேப்பை எடுத்து, தான் ஓட்டும் சைக்கிளின் பெடல் அச்சை அளந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எனக்குக் காது சுட்டது. அவர் மேல் ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

பிப்ரவரி 24, வெள்ளி

கிராங்க் மாற்றவில்லை. தொழிற்சாலை ஸ்டோருக்குப் போனேன், ஜன்னலோரம் கவுதென்சியோ நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். "பந்தயக்காரருக்கு என்ன வேணும்?" ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். நான் தேர்ந்தெடுத்த சைக்கிள் தப்பு என்று அவன் முன்னால் எப்படிக் கேட்பது?

வித்தியாசம் ஏழரை மில்லிமீட்டர்தான். ஒரு விரல் நகம் அளவுகூட இல்லை.

பிப்ரவரி 25, சனி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

"கிராங்க் மாத்திட்டீங்களா?" என்று தெல்மா கேட்டாள். "மாத்திட்டேன்" என்றேன். அவள் டேப்பை எடுக்கவில்லை. "சரி, வேகம் மட்டும் குறையக் கூடாது" என்று சொல்லி அனுப்பினாள்.

நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓட்ட வேண்டும். முன்னால் போகிறவர் வளைவில் மேலே ஏறி, மற்றவர்களைக் கீழே போகவிட்டு, கடைசியில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். என் முறை வந்தது. ஏறினேன். உயரத்தில் இருந்து கீழே பார்த்ததும் கால் தானாகவே தளர்ந்தது. வேகம் போய்விட்டது. வலது பெடல் பலகையில் இடித்தது. ஒரு முறை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பின்சக்கரம் தூக்கியது. வரிசையில் முன்னால் இருந்த இருவரும் தாண்டிப் போயிருந்தார்கள். நான் சறுக்கிக்கொண்டே போய், கீழே கடைசியாகச் சிவப்புக் கோட்டை ஒட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்த நொயேமியாவின் மேல் மோதினேன்.

அவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். தோள் எலும்பு முறிந்துவிட்டது. துணிக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது, பார்த்தேன்.

தெல்மா எதிர்ப்பக்கத்தில் எங்கள் வரிசையில் சேராத இருவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைப் பார்க்கவில்லை. ஓடி வந்தாள். "என்ன ஆச்சு? எப்படி?"

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யோசிக்கக்கூட இல்லை. வாய் திறந்தது — "அவங்க பார்க்காம மேல ஏறி வந்துட்டாங்க."

நொயேமியா வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அப்படியா... எனக்குத் தெரியவேயில்லையே. மன்னிச்சிருங்க அர்மிந்தோ. உங்களுக்கு அடி பட்டுச்சா?"

பிப்ரவரி 26, ஞாயிறு

இடுப்பிலிருந்து தொடைவரை மரச்சிராய். குப்புறப் படுத்துக்கொண்டேன், ஸுல்மிரா ஜன்னல் வெளிச்சத்தில் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினேழு.

"பாவம் அந்த அம்மா" என்றாள்.

"ம்."

"அந்த வயசுல அவங்களுக்கு எதுக்கு இது?"

"ம்."

மத்தியானம் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வலது பெடலின் முனை தேய்ந்து வழவழவென்று இருந்தது. இடுக்கில் ஒரு கோதுமை மணி அளவு பைன் மரத்தூள் ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன். துடைத்தபின், எதற்குத் துடைத்தோம் என்று புரிந்தது.

பிப்ரவரி 27, திங்கள்

ஷிப்ட் முடிந்ததும் ஸ்டோரில் போய் நூற்று அறுபத்தைந்து கிராங்க் கேட்டேன். அலமாரியிலேயே இருந்தது. மாட்ட ஐந்து நிமிஷம். பெடலையும் மாற்றினேன்.

கவுதென்சியோ பார்த்துவிட்டான். "விழுந்ததுக்கு அப்புறம் மாத்துறியா?"

"அடிபட்டு வளைஞ்சிருக்கு."

கழற்றிய கிராங்க்கை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நேராக இருந்தது. மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 4, சனி

நொயேமியா குணமாகி வந்தாலும் முதல் வகுப்பிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமாம், நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. தெல்மா அதைச் சொல்லும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு. இந்தக் கூட்டத்துல ஒழுங்கா திரும்பிப் பாக்குறதே அவங்க ஒருத்தங்கதான்" என்றாள்.

எங்கள் வகுப்பில் பற்பசைக் கம்பெனி விற்பனை வேலை பார்க்கும் ஒரு பையன், "லெட்டர் போட வந்த இடத்துல பாட்டியம்மா பந்தயம் ஓட்டப் பாத்தாங்க" என்றான். சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

சிரித்தேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொய்யாவது பயத்தில் வந்தது. சிரிப்பு எதிலிருந்து வந்தது?

மார்ச் 8, புதன்

ஸுல்மிரா கேக் சுட்டு என்னிடம் கொடுத்து அனுப்பினாள். "மோதினவன் ஒரு எட்டுப் போய்ப் பாக்கலைன்னா நல்லாவா இருக்கும்?"

அடுக்களை மேஜையில் நொயேமியா இடது கையால் காபி ஊற்றினார். வலது கையைத் துணி கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார். நான் ஊற்றுகிறேன் என்றேன், கேட்கவில்லை. கேக்கை வெட்டி எனக்கொரு துண்டு வைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் மேல ஏறினப்போ, எப்படி ஏறினேன்? வேகமாவா? தள்ளாடிக்கிட்டா?"

"சரியா... ஞாபகம் இல்ல."

"எனக்குச் சுத்தமா ஞாபகமே இல்ல. அதுதான் பயமா இருக்கு. கோட்டை ஒட்டியே போனதாத்தான் தோணுது. இருபத்துநாலு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கேன், ஒரு நாயைக்கூட இடிச்சதில்ல. இப்ப நான் ஒண்ணு பண்ணியிருக்கேன், அது எனக்கே தெரியலன்னா? நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறேன். ஸ்கூட்டர் வேலையை விட்டுட்டு ஆபீஸ்லயே கவுண்டர்ல உக்காரலாம்னு இருக்கேன். மலைரோட்டுல பள்ளிக்கூடப் பிள்ளைங்க குறுக்க வரும், தெரியுமா?"

இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் கேட்டது. வாய் நிறைய கேக். விழுங்கினேன்.

"அவசரப்படாதீங்க தோனா நொயேமியா" என்று மட்டும் சொன்னேன்.

வாசல்வரை வந்து, "அடிபட்டவரு நீங்க, என்னைப் பாக்க வந்தீங்களே" என்றார்.

மார்ச் 9, வியாழன்

நாய். நான்தான்.

மார்ச் 10, வெள்ளி

ஸுல்மிராவிடம் சொன்னேன். அவள் சூப்புக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னது, துடைத்தது, கிராங்க் மாற்றியது, சிரித்தது, கேக் தின்றது எல்லாம் சொன்னேன். நடுவில் அவள் ஒருமுறைகூட நிமிரவில்லை. நறுக்கி முடித்தாள். கத்தியைக் கழுவினாள்.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றே? நானா விழுந்தேன்?"

"எப்படிப் போய்ச் சொல்றது ஸுல்மிரா..."

"பொய் சொன்னப்போ எப்படிச் சொல்றதுன்னு யார்கிட்டயும் கேட்டியா மனுஷா?"

மார்ச் 11, சனி

காலை எட்டரைக்கு நொயேமியா வீட்டு மணியை அடித்தேன். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தது எல்லாம் மறந்துவிட்டது. "நீங்க ஏறல. நான்தான் விழுந்தேன். என் பெடல் இடிச்சுது. கிராங்க் மாத்தினேன்னு தெல்மாகிட்ட சொன்னதும் பொய்."

இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் கோட்டுலதான் இருந்தேன்."

"கோட்டுலதான் இருந்தீங்க."

"எதுத்தாப்புல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஆமா."

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அப்போ தலைக்குள்ள ஏதோ ஆயிருச்சுன்னு நினைச்சேன். எங்கம்மா கடைசில ஆள் அடையாளம் தெரியாமத்தான் போனா. நானும் அப்படி ஆகப் போறேன்னு நினைச்சேன். ரெண்டு வாரமா." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நேத்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நான் லெட்டர் குடுக்கிற லைனை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

நேற்று. புதன்கிழமை சொல்லியிருந்தால் —

அவருக்கும் அதே கணக்குத்தான் ஓடியது போல. "புதன்கிழமை இந்த வீட்டுல உக்காந்து கேக் சாப்பிட்டீங்க" என்றார். "போங்க அர்மிந்தோ. இப்பப் போயிருங்க."

அங்கிருந்து நேராக வெலோட்ரோம். வகுப்பு தொடங்கவில்லை, எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன். பற்பசைக்காரப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். தெல்மா ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து, "உங்க கையெழுத்துல எழுதுங்க" என்றாள். எழுதினேன்.

அதை வாங்கி மடித்துவிட்டு, "அன்னைக்கு நான் அளந்திருக்கணும். இருபது செகண்ட் வேலை. சைக்கிள் தொழிற்சாலைக்காரர், வயசுல பெரியவர், அவர்கிட்ட போய் டேப்பை நீட்டினா மரியாதையா இருக்காதுன்னு விட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "என் பேர்லயும் எழுதுவாங்க. பரவால்ல. நீங்க கிளம்புங்க."

மார்ச் 23, வியாழன்

கடிதம் வந்தது. எனக்கு மே கடைசிவரை அனுமதி இல்லை. அதன்பின் விரும்பினால் முதல் வகுப்பிலிருந்து, வெலோட்ரோம் சைக்கிளில் மட்டும். நொயேமியா மேல் எந்தத் தவறும் இல்லை என்று அவருக்கும் எழுதியிருக்கிறார்களாம். தெல்மாவுக்கு எச்சரிக்கை.

கடிதத்தைக் கொண்டுவந்தவன் ஓர் இளைஞன். முகம் புதிது. நொயேமியா கவுண்டருக்குப் போனதில் ஆட்களின் லைன்களை மாற்றிவிட்டார்களாம்.

மார்ச் 24, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் கவுதென்சியோவிடம் நானே சொன்னேன். "தெரியும்" என்றான். "கிராங்க் நேரா இருந்துச்சே." இன்று பந்தயக்காரரே என்று கூப்பிடவில்லை. அது ஒருவிதத்தில் மோசமாக இருந்தது.

ஏப்ரல் 15, சனி

சிவப்பு சைக்கிளில் பிரேக்கை மாட்டினேன். ஆற்றங்கரையோரம் வேலைக்கு ஓட்டிப் போகிறேன். தெருவுக்கு நல்ல சைக்கிள்தான், அவள் சொன்னது சரி.

மே 10, புதன்

மகளுக்குப் பார்சல் அனுப்ப வேண்டியிருந்தது. தபால் நிலையத்தில் வரிசை. மூன்றாவது கவுண்டரில் நொயேமியா. வேறு கவுண்டருக்கு நழுவிவிடலாமா என்று பார்த்தேன். நழுவவில்லை, அது ஒன்றுதான் இன்று நான் செய்த உருப்படியான காரியம்.

எடை போட்டார். தபால் வில்லை ஒட்டினார். "இங்க கையெழுத்து."

போட்டேன். "தோள் எப்படி இருக்கு?"

"மழை வந்தா முன்னாடியே சொல்லிடுது." ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். "அடுத்தவங்க வாங்க."

அவர் பின்னால் ஜன்னல் வழியாக, ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. பழைய லைனைத் திரும்பக் கேட்டாராம், தரமுடியாதென்று சொல்லிவிட்டார்களாம். இதை அவர் சொல்லவில்லை, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல தபால்காரம்மா, வாசல் தட்டி நாலு வார்த்தை பேசிட்டுப் போவாங்க, இப்ப வர்றவன் எறிஞ்சிட்டுப் போறான் என்று.

மே 26, வெள்ளி

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வாசலில் நொயேமியா. கையில் ஒரு சக்கரம்.

"சைக்கிள் வாங்கியிருக்கேன். பழசு. சின்ன ஃபிரேம், ஸ்டீல். பெடல் அச்சு உயரம், கிராங்க் நூத்தி அறுபத்தஞ்சு, ரெண்டு தடவை அளந்துட்டேன். பின்சக்கரம் மட்டும் கோட்டமா இருக்கு. இந்த ஊர்ல இதுக்கு உங்களைவிட நல்ல கை இல்லன்னு தெல்மா சொல்றா."

"இன்னைக்கே எடுத்துத் தர்றேன்."

"உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. இன்னும் இல்ல. ஆனா சக்கரத்துல நீங்க பொய் சொல்ல முடியாது. சுத்தி விட்டா தெரிஞ்சிரும்."

ஒரு கம்பி விடாமல் பார்த்தேன். ஒரு மணி நேரம். அவர் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்து கொடுத்ததும் அச்சை இரண்டு விரலில் பிடித்துச் சுழற்றி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார், தானாக நிற்கும்வரை. தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 17, சனி

திரும்பச் சேர்ந்தபின் எனக்கு மூன்றாவது வகுப்பு. புதிதாக வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகள். இன்று ஒரு பிரிவில் ஆள் குறைந்தது என்று தெல்மா என்னைப் பழைய கூட்டத்தோடு சேர்த்தாள். நொயேமியாவும் அதில்.

வரிசையில் நிற்கும்போது அவர் என்னைப் பார்த்தார். பிறகு தெல்மாவிடம், எனக்கும் கேட்கும்படியாகவே, "இவர் எனக்குப் பின்னாடி வரட்டும். மேலயும் வேண்டாம், பக்கத்துலயும் வேண்டாம். பின்னாடி" என்றார்.

"சரியா சென்யோர் அர்மிந்தோ?" என்றாள் தெல்மா.

"சரி" என்றேன்.

இருபது சுற்று. அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு முறை மேலே ஏறும் முன்பும் அவர் முகம் வலது தோளுக்கு மேலாகத் திரும்பியது. நான் அங்கே இருக்கிறேனா, எங்கே இருக்கிறேன் என்று பார்த்தார். அதன்பின்தான் ஏறினார். எண்ணிக்கொண்டே வந்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.